வீதிக்கு வந்த விருந்து

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அம்மையார் அவர்களுக்கு,

தீயணைப்புத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி, நிலைய அலுவலராக ஓய்வு பெற்று, தற்சமயம் வீட்டில் யாருக்கும் தேவைப்படாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவியும் தீக்காயம் ஏதுமின்றி இருக்கிறோம். என் முதுகைப் பற்றி மட்டும் அவ்வாறு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாங்களும், தங்கள் அலுவலகத்தில் படம் பிடிப்பவர்களும், அந்தப் படங்களுக்குக் கீழே நாலு வரி எழுதுகிறவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் எழுதுவதை நீங்கள் செய்து பார்ப்பதில்லை அல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் விடுமுறைக் காலச் சிறப்பிதழில் ‘விருந்தினர் வியக்கும் வீடு: இருபத்தொரு எளிய யோசனைகள்’ என்று பதினெட்டுப் பக்கத்துக்கு வண்ணத்தில் ஒன்று வந்ததே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்த ‘எளிய’ என்ற சொல்லைப் போட்டது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் அணைக்கப் போன தீயில் பாதிக்கு மேல் யாரோ ஒருவரின் எளிய யோசனையில் பிடித்ததுதான்.

முதலில் எங்கள் குடும்ப நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் தாங்கள் செய்த காரியத்தின் கனம் தங்களுக்குப் புரியும். என் மனைவிக்கு ஓர் அக்கா. அக்காவின் கணவர், அதாவது என் சகலை, பல் மருத்துவர். பெரிய வீடு, பெரிய கார், சிரித்தால் பெரிய பல். வருஷக் கடைசி விடுமுறைக்குக் குடும்பம் கூடிச் சாப்பிடுவது இருபத்தாறு வருஷமாக அவர்கள் வீட்டில்தான். அக்கா சமைப்பார், அக்கா பரிமாறுவார், நன்றாக இருக்கிறது என்றும் அக்காவே சொல்லிவிடுவார். என் மனைவி வெங்காயம் உரிப்பாள், தட்டுக் கழுவுவாள். ஒவ்வொரு வருஷமும் கிளம்பும்போது, “அடுத்த தடவை எங்க வீட்டுல வைக்கலாமா அக்கா?” என்று கேட்பாள். அக்கா அவளைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார். கூடியிருக்கும் மற்றவர்களைப் பார்த்து, “அவளுக்கு இதெல்லாம் வராது, பாவம், விடுங்க” என்பார். அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே அம்மா, அது இருபத்தாறு வருஷமாக என் மனைவியின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இந்த வருஷம் அக்கா வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து தரையெல்லாம் தோண்டிப் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல், “சரி, இந்தத் தடவை உன் வீட்டுலயே வச்சுக்கோ” என்று போனில் சொன்னார். போனை வைத்ததும் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவ வாயால நல்லா இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை வந்துட்டா போதுங்க எனக்கு. அப்புறம் ஆயுசு முழுக்க அவ வீட்டுலயே வெங்காயம் உரிக்கிறேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நானும் ஆகட்டும் என்றேன்.

அம்மா, என் மனைவி நன்றாகச் சமைப்பாள். அக்காவைவிட நன்றாகவே சமைப்பாள். இதை நான் அக்கா முன்னால் சொன்னதில்லை, எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. அவள் பாட்டுக்கு ஒரு கோழியை ஓவனில் வைத்து, கூட நாலு உருளைக்கிழங்கும் ரொட்டியும் வைத்திருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும். தாங்கள் விட்டீர்களா? முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், ‘சாப்பிட்டதை விருந்தினர் மறுநாளே மறந்துவிடுவார்கள்; சூழலை மறக்கவே மாட்டார்கள்’ என்று போட்டுவிட்டீர்கள். அவ்வளவுதான், கோழி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் சமையல் என்று ஒன்று நடக்கவில்லை, சூழல்தான் நடந்தது.

முதல் யோசனை, ‘அன்றாடப் பொருட்களைக் கண்ணிலிருந்து அகற்றுங்கள்’. மூடி போட்ட பெரிய கூடை ஒன்று வந்தது. என் மூக்குக் கண்ணாடி, இரத்த அழுத்த மாத்திரை, டிவி ரிமோட், நகவெட்டி, குடை எல்லாம் அதற்குள் போயின. மாத்திரை எடுக்கக் கூடையில் தேட வேண்டும், தேடக் கண்ணாடி வேண்டும், கண்ணாடியும் அதே கூடையில். ஒரு நாள் காலையில் மாத்திரை என்று நினைத்துச் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுத் தண்ணீரும் குடிக்கப் போனேன். மூன்றாவது யோசனை, புத்தகங்களின் முதுகு பல நிறத்தில் இருந்தால் கண்ணை உறுத்துமாம், அதனால் எல்லாவற்றையும் திருப்பி, தாள் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்க வேண்டுமாம். அடுக்கினாள். இப்போது எங்கள் வீட்டில் இருநூறு புத்தகம் இருக்கிறது, எது எதுவென்று எங்களுக்கே தெரியாது. தொழிற்சாலைத் தீத்தடுப்பு விதிகளை உருவினால் குழந்தை வளர்ப்பு வருகிறது. இதை யோசித்தவர் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையாவது திறந்ததுண்டா என்று தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். ஆறாவது யோசனைப்படி, ‘ஜன்னல் மூச்சு விடட்டும்’ என்று திரைச்சீலைகளைக் கழற்றினாள். ஜன்னல் நன்றாக மூச்சு விட்டது, எனக்குத்தான் முட்டியது. பனியனோடு கூடத்தில் நடக்க முடியவில்லை, எதிர்வீட்டுக்காரர் கையசைக்கிறார். எட்டாவது யோசனைப்படி நாற்காலிகளெல்லாம் கட்டிலுக்கு அடியிலும் மாடிக் குளியலறையிலும் போய் ஒளிந்துகொண்டன. பதிலுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளை மேஜை, சுற்றிலும் தரையில் மெத்தைகள், கீழே ஒரு வெள்ளைக் கம்பளம். ஒரு மெத்தையில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். உட்காருவது என்னவோ சுலபமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாவது யோசனைக்கு வருகிறேன். ‘மேஜை நடுவில் உலர்ந்த மரக்கிளைகளை உயரமாக நிறுத்தி, கிளைகளுக்கு இடையே மெழுகுவர்த்திகளை ஏற்றுங்கள்.’ அம்மா, உலர்ந்த கிளை. மெழுகுவர்த்தி. இடையே. இதை ஒரு மனிதர் எழுதி, இன்னொரு மனிதர் பிழை திருத்தி, தாங்கள் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நாங்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம், விறகு என்போம். என் மனைவி சாலையோரத்தில் வெட்டிப் போட்டிருந்த கிளைகளைப் பொறுக்கிவந்து வெள்ளைப் பெயின்ட் அடித்தாள். கிளைக்குள் ஓர் எறும்புக் குடும்பம் குடியிருந்திருக்கிறது. அதுவும் பாதி வெள்ளையாக வெளியே வந்தது. மேஜையில் பதினாறு, ஜன்னல் விளிம்பில் பன்னிரண்டு, புத்தக அலமாரியில் எட்டு, வாசல் பக்கம் நாலு, ஆக மொத்தம் நாற்பது மெழுகுவர்த்தி. போதாததற்குச் சமையலறைப் பக்கம் ஓர் அலங்கார விளக்குச் சரம். என் கூடத்தில் ஒரு சிவப்புத் தீயணைப்பான் இருக்கும். சிவப்பு அந்த அறைக்கு ஒத்துவரவில்லையாம். அதை ஓர் உயரமான பூச்சாடிக்குள் இறக்கி, மேலே இறகு மாதிரி ஏதோ புல்லைச் செருகிவிட்டாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவில்லை. முறைப்படி ஆய்வு செய்து, முறைப்படி ஒரு நோட்டீஸ் தயாரித்து, மூன்று பிரதி எடுத்து என் மனைவியிடம் கொடுத்தேன். மொத்தம் ஏழு குறைகள். வெளியேறும் வழியில் மெத்தை; உலர்பொருள் அருகே திறந்த தீ; ஒரே பிளக் பாயின்டில் பல கருவிகள் மாட்டியிருத்தல்; இப்படி. கடைசிக் குறையைப் பொறுத்தவரை நான் நோட்டீஸோடு நிற்கவில்லை, வீட்டிலிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி மூன்றையும் பறிமுதல் செய்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். “ஒரு பாயின்டுக்கு ஒரு பிளக். அதுக்கு மேல ஒண்ணு மாட்டினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்” என்றேன். அவள் நோட்டீஸை வாங்கித் தடவிப் பார்த்து, “தாள் நல்லா கெட்டியா இருக்குங்க” என்றாள். அதன் பொருள் விருந்தன்றுதான் தெரிந்தது. மூன்று பிரதியையும் அளவாக வெட்டி, பின்பக்கத்தில் ஒவ்வொருவர் பெயரையும் அழகாக எழுதி, அவரவர் தட்டில் வைத்திருந்தாள். சகலை தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ‘வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, உடனே அப்புறப்படுத்தவும்’ என்று இருந்தது.

விருந்து நாள் மாலை ஐந்தரைக்கு அவர்கள் வந்தார்கள். அக்கா, சகலை, அவர்கள் மகன், மருமகள், நாலு பேர். உள்ளே வந்ததும் தங்கள் பதினைந்தாவது யோசனைப்படி என் மனைவி எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கிக் கூடைக்குள் போட்டு மூடினாள். மருமகள் மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள், அந்தப் பெண் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். சகலைக்கு எடை தொண்ணூறு கிலோ, இரண்டு முழங்காலும் போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டன. மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சகலை, இதுல உக்காந்தா நாளைக்கு கிளினிக்குக்கு நான் எப்படிப் போறது?” என்றார். இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிவிட்டோம். நடுவில் நிற்கிற கிளைக் கூட்டத்தால் எதிரில் இருப்பவர் யாருக்கும் தெரியவில்லை. அக்கா பேசுவது கேட்டது, அக்காவைக் காணவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த பத்து நிமிஷம் அதுதான், அதற்காக மட்டும் தங்களுக்கு நன்றி.

அக்கா சும்மா இருப்பாரா? கிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. “ஏன்டி, லைட் பில்லு கட்டலையா?” “ஏன்டி, ஜன்னல்ல துணி மாட்ட மறந்துட்டியா?” “ஏன்டி, என் தட்டுல எறும்பு ஊருது, இதுவும் அலங்காரமா?” என் மனைவி ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். ‘இல்லத்தரசி எப்போதும் புன்னகையுடன் விருந்தினர் நடுவிலேயே இருக்க வேண்டும், சமையலறைக்குள் மறைந்துவிடக் கூடாது’ என்பது தங்கள் பதினேழாவது யோசனை. அந்தப் புன்னகையை அவள் பிடித்து நிறுத்தியிருந்த பாடு எனக்கு மட்டும்தான் தெரிந்தது, மேல் உதட்டில் வேர்வை நின்றது. பிறகு தங்கள் இதழோடு இலவசமாக வந்த உரையாடல் அட்டைகளை எடுத்தாள். ஆளுக்கு ஒன்று, அதில் உள்ள கேள்விக்கு மனம் திறந்து பதில் சொல்ல வேண்டும். அக்காவுக்கு வந்த கேள்வி, ‘உங்களிடம் இல்லாத ஒரு திறமை எது?’ அக்கா யோசித்தார். மெழுகு ஒரு விரல் உயரம் இறங்குகிற வரைக்கும் யோசித்தார். கடைசியில், “எனக்குப் பொய் சொல்ல வராது” என்றார். சகலை இருமினார்.

அப்போது மணி ஆறரை இருக்கும். எல்லோருக்கும் பசி. அக்கா மெத்தையில் கையை ஊன்றி, “நீ சிரிச்சது போதும்டி, எந்திரி. நான் போய் அடுப்படியில என்னதான் பண்ணி வச்சிருக்கியோ, பாக்குறேன்” என்று எழப் போனார். நான் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில் இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் புகைமணி அலறியது. கூடத்து மேற்கூரையில் இருக்க வேண்டிய மணி அது. மேற்கூரையின் அழகு கெடுகிறது என்று என் மனைவி அதைக் கழற்றி, மாடிப்படிக்கு அடியில், கை எட்டும் உயரத்தில் மாட்டியிருந்தாள். கூடத்துப் புகை அதைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால் நாற்பது மெழுகுவர்த்தியின் யோக்கியதையைத் தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வெளியேறும் ஒத்திகை உண்டு. கல்யாணமான முதல் மாதத்திலிருந்து உண்டு. மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும், ஓடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, எதிர்ப்பக்க விளக்குக் கம்பத்தடியில் போய் நின்று கை உயர்த்தி எண் சொல்ல வேண்டும். என் மனைவியின் நேரம் நாற்பத்தொரு விநாடி. அன்றும் அதே நாற்பத்தொரு விநாடிதான். புன்னகையைக் கீழே வைத்தாள், எழுந்தாள், தன் விருந்தினர் நாலு பேரையும் தாண்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வெளியே போய், கம்பத்தடியில் நின்று, தெருவே கேட்கும்படி “ஒண்ணு!” என்றாள். “இவ எங்கடா போறா, நம்மள உக்கார வச்சுட்டு?” என்று அக்கா கத்தினார். நான் மணியைவிடச் சத்தமாகக் கத்தி மகனையும் மருமகளையும் அக்காவையும் கிளப்பிவிட்டேன். சகலை கிளம்பவில்லை. கிளம்ப முடியவில்லை. “சகலை, என்னை விட்டுருங்க, நான் இங்கயே இருக்கேன்” என்று உருக்கமாகச் சொன்னார். தீயணைப்பு வீரன் அப்படியெல்லாம் விட்டுவிட்டு வர மாட்டான் அம்மா. குனிந்து, தோளைக் கொடுத்து, தொண்ணூறு கிலோவையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். முதுகில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, நான் அதைச் சகலையின் முழங்கால் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக வருபவர் கதவைச் சாத்த வேண்டும், காற்றுப் புகாமல் இருக்க, அது விதி. கடைசியாக வந்தவன் நான். எங்கள் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், அதனால் கதவோரக் கொக்கியில் எப்போதும் சாவி தொங்கும். சாத்துவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி எடுப்பேன், முப்பது வருஷப் பழக்கம். அன்றும் கையை நீட்டினேன், பிடித்தேன், கதவைச் சாத்தினேன். தெருவிளக்கடியில் வந்து கையைப் பிரித்தால் ஒரு பிடி காய்ந்த பூ. தங்கள் இரண்டாவது யோசனைப்படி அந்தக் கொக்கியில் உலர்பூ வளையம் மாட்டப்பட்டிருக்கிறது, சாவி கூடைக்குள் இருக்கிறது, கூடை வீட்டுக்குள் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் நாற்பது தீ எரிகிறது, நடுவில் விறகு. வேறு வழியில்லை, மருமகளின் கைப்பேசியை வாங்கி, நான் பன்னிரண்டு வருஷம் தலைமை வகித்த நிலையத்துக்கு நானே போன் பண்ணி, என் வீட்டு விலாசத்தை நானே சொன்னேன். சொல்லும்போது குரலை மாற்றிப் பார்த்தேன். “சார், நீங்கதானே?” என்றான் எதிர்முனையில் இருந்தவன்.

வண்டி வர எட்டு நிமிஷம். நாங்கள் ஆறு பேரும் கம்பத்தடியில் நிற்கிறோம், யார் காலிலும் செருப்பில்லை, சகலை நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “எனக்கு இதெல்லாம் வராதுங்க. அவ சொன்னது சரிதான். பாவம்தான் நான்” என்றாள். அப்போதுதான் எல்லோரும் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். அக்காவும்தான். நல்ல இருட்டும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் இருந்த நேரம் அது. திரைச்சீலை இல்லாத பெரிய ஜன்னல். உள்ளே நாற்பது சுடர், வெள்ளை மேஜை, வெள்ளைக் கிளை, ஆறு தட்டு, அலமாரியில் ஒரே நிறத்தில் புத்தகம். ஓர் ஈ காக்கை இல்லை. நடந்து போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மருமகள் படம் எடுத்தாள். அக்கா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பாமலேயே, “அழகா இருக்குடி” என்றார்.

தங்கள் இதழில் வரும் படங்களில் ஒரு மனித ஜீவனைக்கூடக் காணோமே, ஏன் என்று பல வருஷமாக நினைத்ததுண்டு. அன்று விளங்கிவிட்டது. அந்த வீடுகளில் வசிப்பவர்கள் எல்லோரும் வெளியே விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறார்கள். அந்த இருபத்தொரு யோசனையையும் கடைப்பிடித்தால் வீடு அழகாகத்தான் இருக்கிறது, உள்ளே மட்டும் போகக் கூடாது. இதைத் தாங்கள் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தால் நாங்கள் நாற்காலி போட்டு வெளியிலேயே உட்கார்ந்திருப்போம்.

வண்டி வந்தது. எனக்கு ஓட்டுநராக இருந்து இப்போது வண்டிக்குத் தலைவராக இருக்கும் மீசைக்காரர் இறங்கி, எனக்கு ஒரு சல்யூட் அடித்து, “விலாசத்தைப் பார்த்தப்பவே பசங்க சிரிச்சானுங்க சார், நான்தான் அதட்டிக் கூட்டிட்டு வந்தேன்” என்றார். மாடிக் குளியலறை ஜன்னலில் ஏணி வைத்து ஏறினார்கள். உள்ளே ஒளித்து வைத்திருந்த நாற்காலிகள் மீது ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள், சத்தத்தை வைத்து எண்ணினேன், மூன்று பேர். நல்லவேளை, தீ எதுவும் பிடிக்கவில்லை. ஒரே ஒரு கிளை கருக ஆரம்பித்திருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு வீரர் அதை ஈரச் சாக்கால் அடித்த அடியில் வெள்ளைப் பெயின்ட் பொடிப்பொடியாகி அறை முழுக்கப் பறந்தது. வெள்ளைக் கம்பளத்தில் இன்றைக்கும் எட்டுப் பூட்ஸ் தடம் இருக்கிறது. புகை பட்ட உணவை யாரும் தொடக் கூடாது என்பது விதி, ஆகவே நானே நேராகச் சமையலறைக்குப் போய், கோழித் தட்டை மூடியபடியே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டேன். மூன்று வாரம் கனவு கண்ட விருந்து போயே போய்விட்டது. தெருமுனைக் கடையில் ரொட்டியும் முட்டையும் பொட்டலமாக வாங்கிவந்து, வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மீசைக்காரருக்கும் பசங்களுக்கும் சேர்த்துத்தான். அக்கா இரண்டு பொட்டலம் சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டே, “இருவத்தாறு வருஷத்துல நான் எல்லாரோடயும் உக்காந்து சூடா சாப்பிட்டதே இல்லடி. எல்லாரும் முடிச்சப்புறம் ஆறினதத்தான் தின்னுட்டு இருக்கேன்” என்றார். என் மனைவி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் அக்கா தெளிந்துவிட்டார். “ஆனா அந்தக் குப்பைய மேஜை நடுவுல வச்ச பாரு, அது உனக்குத்தான் வரும்” என்றார்.

இவ்வளவுக்கும் முழுமுதற்காரணம் தங்கள் சிறப்பிதழ் என்பதைத் தாங்கள் மறுக்க முடியாது. ஒரு குடும்பத்தின் இருபத்தாறு வருஷ ஆசையை நடுத்தெருவில் நிறுத்திவிட்டீர்கள், ஒரு கோழியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டீர்கள், ஒரு நிலைய அலுவலரைத் தன் நிலையத்தின் முன்னாலேயே சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டீர்கள். அடுத்த இதழில், முதல் பக்கத்தில், வண்ணமில்லாமல், கறுப்பு மையில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும்: ‘உலர்ந்த கிளை, மெழுகுவர்த்தி, விருந்தினர் ஆகிய மூன்றையும் ஒரே அறையில் வைக்க வேண்டாம்.’ வெளியிடத் தவறினால் நான் நேரில் வந்து தங்கள் அலுவலகத்தை ஆய்வு செய்வேன். ஓய்வு பெற்றவனுக்கு அதற்கு அதிகாரம் இல்லை, ஆனால் நேரம் நிறைய இருக்கிறது.

தங்கள் அலுவலகத்தின் வெளியேறும் வழிகள் என்றும் தடையின்றி இருக்கவும், தங்கள் வீட்டில் நாற்காலிகள் நாற்காலிகளாகவே நீடிக்கவும், தாங்கள் தேடும்போது தங்கள் மூக்குக் கண்ணாடி கைக்குக் கிடைக்கவும் வாழ்த்தி, என் மனைவியின் வணக்கங்களையும் அவளைக் கேட்காமலேயே சேர்த்துத் தெரிவித்துக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் நிலைய அலுவலர்

பி.கு.: அம்மா, மேலே உள்ளதைத் தயவுசெய்து அச்சில் போட்டுவிடாதீர்கள். எழுதி மூன்று நாளாயிற்று, தபாலில் போட மனம் வரவில்லை. புகை எதுவும் மணியைத் தேடிப் போகவில்லை. அன்று தண்ணீர் எடுக்கப் போனபோது பழக்கதோஷத்தில் புறங்கையால் ஓவன் கதவைத் தொட்டுப் பார்த்தேன், அப்படித் தொட்டுப் பார்க்காமல் நாங்கள் எந்தக் கதவையும் திறப்பதில்லை. ஜில்லென்று இருந்தது. திறந்தால் கோழி காலையில் வைத்தபடியே பச்சையாகப் படுத்திருந்தது. அலங்கார விளக்குச் சரத்துக்கு இடம் வேண்டும் என்று அவள் ஓவன் பிளக்கைக் கழற்றியிருக்கிறாள், திரும்ப மாட்ட மறந்திருக்கிறாள். எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்திருந்தால் கழற்றியே இருக்க மாட்டாள், அது மூன்றும் என் அலமாரியில் பூட்டி இருந்தன. தங்கள் இருபத்தொரு யோசனையில் எதுவும் இல்லை அம்மா, என் ஒரு யோசனைதான் அவள் விருந்தைக் கெடுத்தது. வெளியே வந்தால் அக்கா சமையலறைக்குப் போக எழுந்துகொண்டிருக்கிறார். இன்னும் ஏழெட்டு அடி வைத்தால் அந்தக் கோழியைப் பார்ப்பார், பார்த்தால் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார். மாடிப்படி பக்கத்தில் நின்றேன். பொய் அழைப்பு கொடுத்த எத்தனையோ பேரை வீடு தேடிப் போய்த் திட்டியவன் நான். மணியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, கை வலிக்கிற வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்குத் தெரியாது என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன். அந்த மணியையும் விட்டுவைக்காமல் தங்கத் தாள் ஒட்டியிருந்தாள். மற்ற அலங்காரத்தையெல்லாம் கழற்றிவிட்டு அங்கே வந்து நின்றவள், ரொம்ப நேரம் பார்த்தாள். “பட்டனுக்கு மேல கட்டைவிரல் அளவுக்குப் பள்ளமா இருக்குங்க” என்றாள். உள்ளே போய் இரண்டு பேருக்கும் டீ போட்டாள். எச்சரிக்கைக் கருவியைத் தாள் ஒட்டி மூடுவது விதிப்படி தவறு, இன்றே கழற்றியாக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தத் தாள் மேல் கை வைக்கக் கூடாது என்கிறாள்.